இஞ்சின் நிற்பது நடுக்கடலில், காரணம் கிடப்பது கரையில்

சாய்ந்தமருதுக்கும் மாளிகைக்காட்டுக்கும் இடையில், கடற்கரையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வெளியே மரச்சட்டங்களில் ஏழெட்டு அவுட்போர்ட் இஞ்சின்கள் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த சாரத்துடன் அறுபதைத் தாண்டிய ஒருவர் குந்தியிருப்பார். கடற்கரையில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று காலை நான் போனபோது காரைதீவைச் சேர்ந்த ஒரு மீனவர் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அவரும் சாய்ந்தமருதைச் சேர்ந்த இருவரும் போன படகு முந்தின நாள் பிற்பகல் இஞ்சின் நின்று, இரவு முழுவதும் நீரோட்டத்தோடு போயிருக்கிறது. கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. விடியற்காலையில் மருதமுனைப் படகொன்று தற்செயலாகக் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. மூன்று பேரும் உயிரோடு திரும்பியதால் அது செய்தியாகவில்லை. எந்த அலுவலகத்திலும் ஒரு வரிகூடப் பதியப்படவில்லை.

பாஸ் இஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, தண்ணீர்ப் பம்பைத் திறந்து, உள்ளேயிருந்த சிறிய றப்பர்ச் சக்கரத்தை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஆறு இதழ்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் மிச்சம்.

"தம்பி, மூணு பேர்ட உயிரு இதிலதான் தொங்கின" என்றார்.

அந்தத் துண்டு றப்பரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது ஏன் தேய்ந்தது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு போனால், இஞ்சினைத் தாண்டி, கரையைத் தாண்டி, துறைமுகத்துக்கும் எண்ணெய் விலைக்கும் யுத்தகாலத்துக்கும் போய்ச் சேர்கிறோம். கடலில் காணாமல்போகும் மீனவரைப் பற்றி எழுதும்போது நாம் "இயந்திரக் கோளாறு" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறோம். விசாரணை தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

கயிறு சொல்லும் சாட்சி

ஒரு இஞ்சின் நின்றால் பாஸ் முதலில் கேட்பது, "நிக்கிறதுக்கு முதல் என்ன செஞ்ச? நிண்டபிறகு கயிறு எப்படி வந்த?" என்றுதான். கருவிகளைத் தொடுவது அதற்குப் பிறகு.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்று, தொடக்கும் கயிற்றை இழுத்தால் வழமைபோல வந்தால், பெரும்பாலும் மின்பொறியில்தான் பிழை. பிளக், கொயில், அல்லது உப்பு பிடித்த ஒரு வயர். இருமி இருமி, வேகம் கூடிக் குறைந்து, எண்ணெய்க் குழாயிலுள்ள றப்பர்க் குமிழை அமுக்கினால் கொஞ்சம் உயிர் பெற்று மறுபடி செத்தால் எண்ணெயில் பிழை. தாங்கியில் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது வடிகட்டி அடைத்திருக்கும். இஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் சுழலியின் நடுவே உள்ள றப்பரோ ஊசியோ போய்விட்டது.

நான்காவது வகைதான் பயங்கரமானது. வேகம் தானாகக் குறைந்துகொண்டே வரும். மீனவர் இன்னும் முறுக்குவார். கருகிய மணம் வரும். பிறகு நிற்கும். கயிற்றை இழுத்தால் அசையாது, அல்லது கல்லைக் கட்டி இழுப்பதுபோல் வரும். இஞ்சின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

அவுட்போர்ட் இஞ்சினுக்குக் காரில் உள்ளதுபோல ரேடியேட்டர் கிடையாது. கடல்தான் அதன் ரேடியேட்டர். எரியும் எண்ணெயின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் சுழலியைச் சுற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகையும் குளிர்விக்கும் கடல்நீரும் வெளியே கொண்டுபோகவேண்டும். நீரை மேலே ஏற்றுவது அந்த றப்பர்ச் சக்கரம், இம்பெல்லர். அது வேலை செய்கிறதா என்று அறிய இஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதனூடாகத் தண்ணீர் நூல்போல விசையோடு பீறவேண்டும். பழைய சிறிய இஞ்சின்கள் பலவற்றில் எச்சரிக்கை மணி இல்லை. அந்த நூல்தான் மணி.

நூல் மெலிந்தால் முதலில் வேகத்தைக் குறைக்கவேண்டும். தண்ணீர் வரவேயில்லை என்றால் இஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே நீர் புகும் வாயைப் பார்க்கவேண்டும். சொப்பிங் பையோ வலைத்துண்டோ பாசியோ ஒட்டியிருக்கும். பல தடவை பிழை அத்தோடு முடிந்துவிடும். வாய் சுத்தமாக இருந்தும் நீர் வராவிட்டால் இம்பெல்லர். இம்பெல்லரும் நன்றாக இருந்தால் தேமோஸ்டாட். அதைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியஸுக்குள் வாய் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் உப்பில் இறுகிவிட்டது. அதுவும் சரியென்றால் உள்வழிகளில் உப்புக்கல் கட்டியிருக்கும், அல்லது தலைப்பகுதியின் கஸ்கட் எரிந்திருக்கும்.

இதில் இரண்டு தவறுகளைத் தான் திரும்பத் திரும்பக் காண்பதாக பாஸ் சொல்கிறார். முதலாவது, சூடேறி நின்ற இஞ்சினில் கடல்நீரை அள்ளி ஊற்றுவது. கொதிக்கும் உலோகம் திடீரென்று குளிர்ந்தால் கோணும், வெடிக்கும். அரைமணி நேரமாவது தானாக ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, மெதுவாகக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பிடி விட்டால் மெல்லிய வேகத்தில் கரைக்கு வந்துவிடலாம். இரண்டாவது, அடிக்கடி சூடாகிறது என்று தேமோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவது. மண்ணெண்ணெய் சரியாக எரிய இஞ்சினுக்குத் தேவையான அளவு சூடு வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரி படியும். கரி படிந்த இஞ்சின் பின்னர் வேறு வழியில் சூடாகும்.

உடைந்த இதழ்கள் எங்கே போயின என்பதையும் தேடவேண்டும். அவை நீரோடு மேலேறி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். புது இம்பெல்லர் போட்ட கையோடு கடலுக்குப் போகிறவர் இரண்டாம் நாளே திரும்பவும் அதே இடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். அன்று பாஸ் ஒரு மணிநேரம் செலவழித்து நான்கு துண்டுகளையும் எடுத்து, மேசையில் வரிசையாக வைத்து எண்ணிய பிறகுதான் மூடினார்.

இதழ்களைத் தின்றது எது?

"இத மண்தான் தின்ன" என்றார் பாஸ்.

கல்முனைக் கரையோரத்தில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை படகுகள் நேரடியாக மணலிலிருந்துதான் கடலுக்குள் தள்ளப்படுகின்றன. அலை உடையும் இடத்தைத் தாண்டுவதற்குள் சுழலி மணலைக் கலக்கும். கலங்கிய அந்த நீரைத்தான் பம்ப் குடிக்கிறது. றப்பருக்கும் அதைச் சூழ்ந்த உலோகக் கிண்ணத்துக்கும் இடையில் மணல் அரம்போல அராவுகிறது. படகைத் தள்ளுவதற்கு முன் "ஸ்டார்ட் ஆகுதா பாப்பம்" என்று கரையிலேயே தண்ணீரில்லாமல் இஞ்சினை ஓடவிடுவோரும் உண்டு. நீர்தான் அந்த றப்பருக்கு ஒயில். நீரில்லாமல் சில விநாடிகள் ஓடினாலே அது கருகத் தொடங்கும்.

துறைமுகம் ஒன்று இருந்தால் மணலைக் குடிக்கும் வேலை இல்லை. துறைமுகம் இருக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் கல்முனையிலிருந்து தெற்கே அரைமணி நேர ஓட்டம்தான். மீன்பிடிக்கென்று அதில் தனிப் பகுதியும் உண்டு. ஆனால் திறந்த சில காலத்திலேயே அதன் வாயை மணல் மூடத் தொடங்கியது. மணலை அகற்றுங்கள் என்று படகுக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகளால் தங்கள் நிலத்தையும் தென்னைகளையும் கடல் கொண்டுபோகிறது, முதலில் அதற்குத் தீர்வு தாருங்கள் என்று ஒலுவில், நிந்தவூர் மக்கள் எதிர்க்குரல் எழுப்பினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இயற்கையாக ஓடும் மணலை மறித்துக் கட்டியதன் விலையை ஒரு பக்கத்தில் நிலத்தை இழந்தவர்களும் மறுபக்கத்தில் துறையை இழந்தவர்களும் செலுத்துகிறார்கள்.

இதனால் பலநாள் படகு வைத்திருப்பவர்களில் பலர் சுமார் 70 கிலோமீற்றர் தள்ளியுள்ள வாழைச்சேனைத் துறைமுகத்தை நம்பவேண்டியிருக்கிறது. அல்லது படகை வெளிக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு தோணியில் ஆட்களையும் மீனையும் ஏற்றி இறக்கவேண்டும். பலநாள் படகில் உள்ளது டீசல் இஞ்சின். அதன் உள்ளே நன்னீர் சுற்றும், அந்த நன்னீரைக் கடல்நீர் குளிர்விக்கும். கடல்நீர் வடிகட்டி, பெல்ட், வெப்பப் பரிமாற்றிக் குழாய்கள், அவை அரிக்காமலிருக்கப் போடும் நாகத் துண்டுகள் ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்க்கவேண்டும். அலையில் ஆடும் படகில் நின்றுகொண்டு யார் அதைச் செய்வார்கள்? துறை இல்லாத இடத்தில் பராமரிப்பும் இல்லாமற்போகிறது.

மண்ணெண்ணெயும் ஏலமும்

இரண்டாவது காரணத்துக்கு ஒரு திகதி உண்டு. 2022 ஓகஸ்ட் 22 முதல் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய மாதங்களில் விலை குறைவாக இருந்தும் எண்ணெயே கிடைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவளவில் இருந்த மதிப்பு மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. இறக்குமதியாகும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் அந்தப் பாய்ச்சலோடு சேர்ந்து பாய்ந்தது.

நெருக்கடியில் மனிதன் எதைச் சிக்கனப்படுத்துவான்? உடனே தெரியாததை. இரட்டை வீச்சு இஞ்சினில் எண்ணெயோடு கலக்கும் ஒயில்தான் பிஸ்டனுக்கு உயிர். "கொஞ்சம் குறைச்சுப் போட்டா ஒண்டும் ஆகாது" என்று தொடங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை, முதல் மாதம். மண்ணெண்ணெய் இஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றவேண்டும். அந்தச் சிறு பெற்றோலையும் மிச்சம்பிடித்தார்கள். கரி சேர்ந்தது. அசல் இம்பெல்லருக்குப் பதிலாக மலிவான போலி வந்தது. கைக்கு ஒரேமாதிரி இருக்கும், உப்பிலும் சூட்டிலும் சில வாரங்களில் கல்லாக இறுகிவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இந்தக் கதை முழுவதும் அதில் எழுதியிருக்கும். நுனி வெளிர்மண் நிறமாக இருந்தால் எல்லாம் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் எரியவில்லை. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெளுத்த நுனியில் பொடிப்பொடியாக வெள்ளி மின்னினால் பிஸ்டனின் அலுமினியமே உருகத் தொடங்கிவிட்டது. அந்த இஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது.

மூன்றாவது காரணம் வேகம். கரைக்கு அருகே மீன் குறைந்துவிட்டது என்று தூரம் போகிறார்கள். தூரம் போவதால் கூடிய குதிரைவலுவுள்ள இஞ்சின் வாங்குகிறார்கள். காலை ஏலத்துக்கு முந்தி வருபவருக்கே விலை என்பதால், மீனும் ஐஸும் நிறைந்த படகை முழு வேகத்தில் விரட்டுகிறார்கள். பாரத்தோடு முழுநேரமும் முழுமுறுக்கில் ஓடும் இஞ்சினுக்குள் வெப்பம் உச்சத்தில் இருக்கும். படகு அலையில் எகிறும்போது நீர் புகும் வாய் வெளியே வந்து பம்ப் காற்றைக் குடிக்கும். பலமான இஞ்சின் என்பதால் பொறுமையும் கூட என்று நினைப்பது தவறு. வேகம் கூடக்கூட, தண்ணீர் நிற்பதற்கும் பிஸ்டன் பிடிப்பதற்கும் இடையிலான நேரம் குறைகிறது.

இங்கே நங்கூரம் தரை தொடாது

பாக்குநீரிணையில் இஞ்சின் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அந்தக் கடல் ஆழமற்றது. கிழக்கில் கதை வேறு. இங்கே கண்டமேடை ஒடுங்கியது. கரையிலிருந்து சில மைல்கள் போனாலே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடும். மீனவரிடம் உள்ள கயிறு தரையைத் தொடாது. இஞ்சின் நின்ற நிமிடத்திலிருந்து படகு நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் சொந்தம். பருவத்துக்குப் பருவம் அந்த நீரோட்டத்தின் திசையும் மாறும். கிழக்கே வங்காள விரிகுடா திறந்து கிடக்கிறது.

ஆகவே மன்னாரில் ஒரு இரவுத் தொல்லையாக முடியக்கூடிய கோளாறு, கல்முனையில் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. தேடுதல் தொடங்குவதற்குள் படகு எங்கோ போயிருக்கும். பலநாள் படகுகளைச் செய்மதி மூலம் கண்காணிக்கும் கருவிகள் கடந்த தசாப்தத்தில் பரவலாகப் பொருத்தப்பட்டதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியிலிருந்து இலங்கை மீனை வாங்க மறுத்ததும் ஒரு முக்கிய காரணம். 2016 இல் தடை நீங்கியது. மீன் எங்கே பிடிக்கப்பட்டது என்று வாங்குபவர் கேட்டார், கருவி வந்தது. ஒருநாள் படகில் போகும் மனிதன் எங்கே என்று அவனுடைய குடும்பம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கருவி வரவில்லை.

கடலில் போனவர் திரும்பாவிட்டால் வீட்டில் நடப்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. உடல் இல்லை என்றால் மரணச் சான்றிதழ் இல்லை. தகவலின்றிக் காணாமற்போன ஒருவர் இறந்ததாகக் கருத, சாட்சியச் சட்டத்தின் பொதுவான விதி ஏழு ஆண்டுகளைக் கேட்கிறது. அதுவரை அந்தப் பெண் மனைவியா, விதவையா? இத்தா இருக்கவேண்டுமா, காத்திருக்கவேண்டுமா? வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளையின் பாடசாலைப் படிவம் எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படும் துன்பத்துக்கு இதை நான் ஒப்பிடவில்லை. அங்கே செய்தவர்கள் இருக்கிறார்கள், பதில் சொல்லவேண்டிய பொறுப்பும் இருக்கிறது. ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்களுக்கு இரண்டும் ஒரே வாசல்தான்.

இஞ்சின் சந்தேகப் பொருளாக இருந்த காலம்

நம் கரைகளில் வேகப்படகு என்ற சொல்லே யுத்தத்தின் சொல். கடற்புலிகளின் அதிவேகப் படகுகளும் கடற்படையின் டோரா, அரோ படகுகளும் மோதிய கடல் இது. அதன் விலையைச் சாதாரண மீனவர் கொடுத்தார். வடக்கிலும் கிழக்கிலும் காலத்துக்குக் காலம் இஞ்சினின் குதிரைவலுவுக்கு எல்லை, போகும் தூரத்துக்கு எல்லை, இரவுத் தொழிலுக்குத் தடை, பாஸ் நடைமுறை. ஒரு பிஸ்டனையோ பம்பையோ பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பது பதில் சொல்லவேண்டிய காரியமாக இருந்தது.

எங்கள் கராஜ் பாஸ் அந்தக் காலத்தில்தான் தொழில் பழகினார். "பெரிய இஞ்சின் திறக்கத் தெரியும் எண்டு சொல்றதுக்கே பயம். யாருக்குச் செய்து குடுத்த எண்டு கேப்பானுகள்" என்றார். 26 வருட யுத்தம் எத்தனை பேரைக் கொன்றது என்று எண்ணுகிறோம். எத்தனை கைத்தொழில்களின் கற்றல் சங்கிலியை அறுத்தது என்று எண்ணுவதில்லை. ஒரு தலைமுறைக்குச் சிறிய இஞ்சினுக்கு மேல் கைபடவில்லை. கட்டுப்பாடுகள் நீங்கிப் பெரிய இஞ்சின்கள் வந்தபோது அவற்றைப் பராமரிக்கும் அறிவு கூடவே வரவில்லை.

இடையில் 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 க்கும் அதிகமானோர். படகுகளும் இஞ்சின்களும் கருவிப் பெட்டிகளும் அள்ளுண்டு போயின, அவற்றைக் கையாளத் தெரிந்த மூத்த மீனவர்களும் போனார்கள். பிறகு உதவியாகப் படகுகள் வந்தன, இஞ்சின்கள் வந்தன. படம் எடுத்துக் கையளித்தார்கள். உதிரிப்பாகமும் பயிற்சியும் அந்தப் படத்தில் இருக்கவில்லை. அன்று கிடைத்த இஞ்சின்கள் சில, பத்துத் தடவை திறந்து மூடப்பட்டு, இன்றும் பாஸின் கராஜில் தொங்குகின்றன.

இதே கடலில்தான் நம்மவர்கள் நாட்டைவிட்டும் போகிறார்கள். 2012 இல் ஆயிரக்கணக்கானோர் படகுகளில் அவுஸ்திரேலியாவை அடைந்தபோது கிழக்குக் கரையிலிருந்தும் மீன்பிடிப் படகுகள் புறப்பட்டன. 2022 நவம்பரில் 303 இலங்கையரோடு கனடாவை நோக்கிப் போன லேடி ஆர்3 என்ற கப்பல், இயந்திர அறைக்குள் நீர் புகுந்து, தென்சீனக் கடலில் தத்தளித்தது. யப்பானியக் கப்பலொன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. அடுத்த மாதமே, இஞ்சின் பழுதாகி மிதந்துவந்த நூற்றுக்கும் அதிகமான ரோஹிங்கியா அகதிகளை வடக்குக் கடலில் இலங்கைக் கடற்படை மீட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் முகவர் இஞ்சினின் வயதைச் சொல்லமாட்டார். போகத் துணிந்தவர் கேட்கவும் மாட்டார்.

பிரிவினைக்கு உள்ள ஒலிபெருக்கி

கல்முனை என்றால் நம் ஊடகங்களில் வருவது பெரும்பாலும் ஒரே செய்திதான். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா இல்லையா என்பது. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் நடந்தது, எதிர்ப்பும் நடந்தது, அமைச்சர்கள் வந்தார்கள். நிர்வாக எல்லை சிறிய விடயம் என்று நான் சொல்லவில்லை. 1990 இல் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் இழந்ததும், ஒருவரால் ஒருவர் இழந்ததும் இன்னும் ஆறாத காயம். அதை மூடிவிட்டு நல்லிணக்கம் பேசுவது பொய்.

ஆனால் அன்று காலை கராஜில் நான் பார்த்ததும் உண்மை. காரைதீவுத் தமிழர் "காக்கா, காசு வெள்ளிக்கிழமை தாறன்" என்றார். பாஸ் "முதல்ல போய்ப் படுத்துத் தூங்கு ராசா" என்றார். இழுத்து வந்த மருதமுனைப் படகு டீசல் காசுகூட வாங்கவில்லை. கடலில் இஞ்சின் நின்றவனுக்குக் கயிறு எறிபவனின் ஊர் எதுவென்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. இந்த இரு சமூகங்களும் சேர்ந்து ஒரு கோரிக்கையை வைக்கமுடியும் என்றால், அது கரையிலிருந்துதான் தொடங்கும்.

அந்தக் கோரிக்கைகள் பெரிய பணம் கேட்பவை அல்ல.

ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு நன்னீர்க் குழாயும் ஒரு பெரிய பரலும் வேண்டும். கடலிலிருந்து வந்த இஞ்சினைப் பரலில் வைத்துப் பத்து நிமிடம் நன்னீரில் ஓடவிட்டால் உப்பும் மணலும் கழுவுண்டு போகும். இம்பெல்லரின் ஆயுள் கூடும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தரமான இம்பெல்லர், பிளக், தேமோஸ்டாட் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிக் கொள்விலைக்கே கொடுக்கலாம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இம்பெல்லரை மாற்றுவதைப் படகு அனுமதிப்பத்திரப் பரிசோதனையில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையங்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கின்றன. கல்முனைக் கடற்கரையில் மாதம் இரண்டு நாள் நடமாடும் பயிற்சி நடத்துவது அவற்றுக்குப் பாரமாகாது. ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பொறியியல் பீடத்தோடு இருக்கிறது. மணல் எப்படி ஓடுகிறது, இஞ்சின்கள் எங்கே தேய்கின்றன என்பது அதன் மாணவர்களுக்கு வாசலில் கிடக்கும் ஆய்வு. கராஜில் குந்தியிருக்கும் அறுபது வயது அறிவை அவர்கள் எழுத்தில் இறக்கட்டும்.

கோளாறுகளுக்கு ஒரு பதிவேடும் வேண்டும். காணாமற்போன படகை மட்டும் எழுதுகிறோம். இழுத்து வரப்பட்ட படகுகளை எவரும் எழுதுவதில்லை. எத்தனை இம்பெல்லர், எத்தனை பிஸ்டன், எந்த மாதம், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு கொப்பியில் எழுதினால் ஒரே ஆண்டில் பிழையின் முகம் தெரிந்துவிடும்.

அதுவரை கடலுக்குப் போகிறவர்கள் தாங்களே செய்யக்கூடியவை சில. ஒரு இம்பெல்லர், இரண்டு பிளக், ஒரு பிளக் சாவி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் படகிலேயே வைத்திருங்கள். துடுப்பும் ஒரு துண்டுப் படங்கும் போகட்டும். தரை தொடும் நங்கூரம் இல்லாத ஆழத்தில், படங்கைப் பைபோலத் தைத்து நீண்ட கயிற்றில் அணியத்திலிருந்து விட்டால் படகு காற்றோடு ஓடுவது குறையும், தலை அலையை நோக்கி நிற்கும். முடிந்தவர்கள் சேர்ந்து ஒரு வி.எச்.எவ். வானொலி வாங்குங்கள். உலகெங்கும் அபாய அழைப்புக்குரியது அதன் 16 ஆம் அலைவரிசை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தவறினால் வீட்டவர் யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் புறப்படும்போது பாஸ் அந்த நான்கு றப்பர்த் துண்டுகளையும் மேசையிலிருந்து கூட்டி ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போட்டார். டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் இம்பெல்லர் இதழ்கள். ஏன் சேர்த்துவைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் ஒரு பெரிய ஆள் வந்து, ஏன் காக்கா போட்டெல்லாம் நிக்குது எண்டு கேட்டா, கொட்டிக் காட்டலாமெண்டுதான். இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல" என்றார்.